கடைசி பெஞ்சுக்கு எட்டாத திரை

வகுப்பறைக்குப் புரொஜெக்டர் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் எடுத்து விடுவது லூமன் கணக்கு, அதாவது கருவி வீசும் மொத்த ஒளியின் அளவு. எண் ஏற ஏற விலையும் ஏறும். வாங்கி வந்து மாட்டிய பிறகு, கிழக்கே கடலைப் பார்த்து ஜன்னல் வைத்த கடலூர் வகுப்பறையில் முதல் பீரியடில் படம் வெளிறிப்போய்த் தெரியும். உடனே புரொஜெக்டரைக் குறை சொல்வார்கள். கெடுப்பது ஜன்னல்.

3000 லூமன் ஒளியை 2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உள்ள திரையில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 1000 லூமன் விழும். அதைத்தான் 1000 லக்ஸ் என்கிறோம். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. கறுப்பு எழுத்து என்பது அது ஒளி படாமல் விட்டுவைத்த இடம். அங்கே ஜன்னல் வெளிச்சம் 500 லக்ஸ் விழுந்தால் ‘கறுப்பு’ 500, வெள்ளை 1500. விகிதம் 3:1தான். இரண்டு மடங்கு விலை கொடுத்து 6000 லூமன் கருவி வாங்கினாலும் 2500-க்கு 500, அதாவது 5:1. பழைய கருவியையே வைத்துக்கொண்டு, தடித்த திரைச்சீலை போட்டு ஜன்னல் வெளிச்சத்தை 100 லக்ஸுக்கு இறக்கிப் பாருங்கள்: 1100-க்கு 100, 11:1! முதல் செலவு துணிக்கடையில்தான் ஆக வேண்டும்.

எல்லா ஜன்னலையும் மூட வேண்டியதில்லை. மூடினால் பிள்ளைகள் நோட்டில் எழுத முடியாது, சித்திரை வெக்கையில் உட்காரவும் முடியாது. திரைக்கு நேர் எதிரே உள்ள ஜன்னலையும், பக்கச் சுவரில் திரையை ஒட்டியுள்ளதையும் மூடினால் பெரும்பாலும் போதும். அளந்து பார்க்க ஆண்ட்ராய்டு போனில் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்று போதுமானது. போனின் முதுகைத் திரையோடு ஒட்டி, முகம் வகுப்பைப் பார்க்கும்படி பிடியுங்கள். புரொஜெக்டரை அணைத்து ஒரு அளவு, வெள்ளைப் பக்கம் ஓடவிட்டு ஒரு அளவு. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். போன் காட்டும் எண் துல்லியமாக இராது. ஆனால் இரண்டையும் அதே போனில் எடுப்பதால் ஒப்பிட உதவும். பல்பு வைத்த கருவியாக இருந்தால் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: பல்பின் ஆயுள் என்று பெட்டியில் போட்டிருப்பது, ஒளி பாதியாகக் குறையும் வரைக்குமான மணிநேரம்.

அடுத்தது எழுத்தின் அளவு. பழுதில்லாத கண்ணுக்கு 8 மீட்டர் தூரத்தில் மட்டுமட்டாகப் பிடிபடும் எழுத்தின் உயரம் சுமார் 12 மில்லிமீட்டர். சிரமமில்லாமல் படிக்க அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது மூன்றரை சென்டிமீட்டர் வேண்டும். தமிழில் இன்னும் கொஞ்சம் கூட்டுவது நல்லது. புள்ளி, இகர ஈகாரக் கொக்கி, ணகரத்தின் கூடுதல் சுழி எல்லாம் எழுத்தில் சிறு பகுதிதான். பழகிய சொல் என்றால் பிள்ளை ஊகித்துப் படித்துவிடும். ‘மின்பகுளி’யை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளை எதை வைத்து ஊகிக்கும்? பக்கத்துக்கு ஏழெட்டு வரிக்கு மேல் வேண்டாம். பாடநூல் பிடிஎஃப்பை அப்படியே திரையில் ஏற்றுவதைப்போல் வீண்வேலை வேறில்லை. பெரிய டிவி போன்ற ஸ்மார்ட் போர்டு தானே ஒளி விடுவதால் வெளிறுவது குறைவு, ஆனால் கண்ணாடியில் ஜன்னல் பளிச்சென்று பிரதிபலிக்கும். எழுத்தளவு விதி அதற்கும் உண்டு.

திரை தெளிவாகிவிட்டாலும், பார்த்தவர்களுக்குப் புரிந்ததா என்பது தனிக் கேள்வி. ‘புரிஞ்சுதா?’ என்றால் வகுப்பே ‘புரிஞ்சுது சார்’ என்று ராகம் போடும். உண்மையை அறிய, அச்சிட்ட அட்டை முறை நல்ல வழி. பிள்ளைக்கு ஒரு அட்டை. ஒவ்வொன்றிலும் கறுப்புக் கட்டங்களால் ஆன தனி வடிவம். வடிவம் அட்டை எண்ணைச் சொல்லும், எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்பது விடையைச் சொல்லும். நான்கு பக்கம், நான்கு விடை. ஆசிரியரின் போன் கேமரா ஒரு சுற்றில் 40 பேரின் விடையையும் வாசித்துவிடும். பிள்ளைகள் கையில் கருவியே தேவையில்லை. வடிவங்கள் வேறுவேறு என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பியடிக்கவும் வழியில்லை. பளபளப்பான லேமினேஷன் போட்டால் ஒளி பட்டுக் கேமரா திணறும். விரல் கட்டத்தை மறைத்தாலும் அப்படித்தான். சாதாரணத் தடித்த அட்டையில், சுற்றிலும் இரண்டு விரல் வெள்ளை விட்டு அச்சிடுங்கள்.

வீடியோவை முழுதாக ஓடவிடாமல், விடை சொல்லப்படுவதற்கு முன்பே நிறுத்துங்கள். நிலக்காற்று, கடற்காற்று பாடம் என்றால்: ‘நல்ல வெயில் அடித்த நாள். மறுநாள் விடியற்காலை 4 மணிக்குக் கடலூர் தேவனாம்பட்டினம் கரையில் காற்று எங்கிருந்து எங்கே போகும்?’ கடலிலிருந்துதான் எப்போதும் காற்று வரும் என்று பலர் அட்டை தூக்குவார்கள். இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்வதால் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். ஹார்வர்டு இயற்பியலாளர் எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறைப்படி, சரியான விடை 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் ஆசிரியர் விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாட விட்டு மறுபடி வாக்கெடுக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டியதுதான்.

வீடியோவை முந்தின நாளே பென் டிரைவில் இறக்கிவிடுங்கள். நொடிக்கு 2 மெகாபிட் ஓடும் 5 நிமிட வீடியோ 75 மெகாபைட்தான். அதையே இணையத்திலிருந்து 30 டேப்லெட்டில் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் நொடிக்கு 60 மெகாபிட் இணைப்பு வேண்டும். கடற்கரைப் பக்கப் பள்ளிகளில் உப்புக் காற்று, புரொஜெக்டருக்குப் படத்தைக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ கேபிளின் முனைகளை அரிக்கும். படம் விட்டுவிட்டு வந்தால் புரொஜெக்டரை சர்வீசுக்குத் தூக்குமுன் வேறொரு கேபிளை மாட்டிப் பாருங்கள்.