நாலரை மில்லிமீட்டர் குறைந்த ஆமை

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய வாப்பா பிரான்சில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி வந்த வெண்கல ஆமை ஒன்று வீட்டில் இருக்கிறது. அடியில் சிற்பியின் கையெழுத்தும் 3/8 என்ற எண்ணும் உண்டு. எட்டே எட்டுதான் வார்த்தார்களாம், இது மூன்றாவது. ஆறு மாதமாக அதன் மேல் வெளிர்பச்சைப் பொடி பூக்கிறது. "அசல் வெண்கலம் இப்படிப் பொடியாகுமா, இது போலி என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எப்படிக் கண்டுபிடிப்பது சார்?"

பக்கத்து வீட்டுக்காரர் அதோடு நிற்கவில்லை. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்றும் சொல்லி வைத்திருக்கிறார். எனக்கு ஒன்று புரிவதே இல்லை. இந்தப் பழமொழியைச் சொல்லும் அதே வாய்தான் வாஸ்து ஆமை என்று பித்தளையில் ஒன்றை வாங்கி, தண்ணீர்த் தட்டில் வைத்து, வடக்குப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொல்கிறது. உயிரோடு வந்தால் தரித்திரம், உலோகத்தில் வந்தால் லட்சுமி. நடுவில் கடைக்காரருக்கு மட்டும் லாபம்.

ராமேஸ்வரம் போகிற வேலை இருந்தது. பையில் நீளத்தை நுட்பமாக அளக்கும் முப்பது சென்டிமீட்டர் வெர்னியர் காலிப்பரைப் போட்டுக்கொண்டு கீழக்கரையில் இறங்கினேன்.

ஆமை அழகு. பார்த்ததும் அழுங்காமை என்று தெரிந்தது. மன்னார் வளைகுடாக் கடலோடிகளுக்குப் பேராமையும் அழுங்காமையும் வேறு வேறு. அழுங்காமைக்கு வாய் கிளி மூக்காக வளைந்திருக்கும், முதுகுத் தகடுகள் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், பக்கத்துக்கு நான்கு விலாத் தகடு. சிற்பி எண்ணித்தான் செய்திருக்கிறார், உயிரினம் சரி. ஆனால் தகடுகளின் விளிம்பில் நகத்தை ஓட்டியபோது கூரைக்குரிய 'டக்' என்ற தட்டல் இல்லை. சோப்புக் கட்டியில் ஓட்டியது போல் வழுக்கிக்கொண்டு போனது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

எண்ணிட்ட பிரதி என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுவாமிமலையில் இந்தக் கேள்வியே எழாது. ஸ்தபதி தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து கையால் உருவம் பிடிப்பார், காவிரி வண்டலைப் பூசுவார், சுட்டு மெழுகை ஓடவிடுவார், அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பார். மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரு மெழுகுக்கு ஒரு சிலை, அவ்வளவுதான். ஐரோப்பிய முறையில் சிற்பி களிமண்ணில் செய்த மூலத்திலிருந்து முதலில் ஒரு அச்சு எடுக்கிறார்கள், இப்போதெல்லாம் ரப்பரில். அதிலிருந்து எத்தனை மெழுகு உருவம் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆகவே எத்தனை என்று யாராவது கட்டுப்படுத்தியாக வேண்டும். பிரெஞ்சு வரிச் சட்டம் எட்டுப் பிரதி வரைதான் மூலச் சிற்பம் என்று ஒத்துக்கொள்கிறது. கலைஞரின் பங்கென்று இன்னும் நான்கு வார்ப்பது வழக்கம்.

அச்சு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் எல்லாம். சிங்கமும் சிறுத்தையுமாக வடித்துப் புகழ்பெற்ற அந்துவான் லூயி பாரி 1848இல் கடனில் மூழ்கியபோது அவருடைய அச்சுகள் கடன்காரர்களிடம் போயின. அவர் 1875இல் இறந்த பிறகும் அவருடைய மிருகங்கள் வார்ப்புப் பட்டறைகளில் பிறந்துகொண்டே இருந்தன.

அச்சே கிடைக்காதவன் என்ன செய்வான்? அசல் பிரதி ஒன்றை வாங்கி அதன் மேலேயே அச்செடுப்பான். கையெழுத்து, 3/8 எல்லாம் அப்படியே அச்சில் ஏறிவிடும். புதிதாக எதையும் பொய்யாக எழுத வேண்டியதே இல்லை. இங்கேதான் இயற்பியல் அவனை மாட்டிவிடுகிறது.

உருக்கிய நெய்யை டம்ளரில் ஊற்றி உறையவிட்டுப் பாருங்கள், நடுவில் குழி விழும். உறையும்போது பருமன் குறைகிறது. வெண்கலமும் அப்படித்தான். ஆனால் இந்தச் சுருக்கத்தை வார்ப்பவர் சமாளித்துவிடுவார். மேலே ஊற்றுவாயில் கூடுதலாக நிற்கும் உருகிய உலோகம் கீழே இறங்கிக் குழியை நிரப்பிவிடும். சிக்கல் அதற்குப் பிறகு. முழுதும் இறுகிய வெண்கலம் இன்னும் 900 டிகிரியை ஒட்டிக் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. அங்கிருந்து நம் ஊர் 30 டிகிரிக்கு வரும் வரை அது சுருங்கிக்கொண்டே போகும். இறுகிய பிறகு எதை ஊற்றி நிரப்புவது?

ஏன் சுருங்குகிறது என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் இனிக்கிற விஷயம். திடப்பொருளில் அணுக்கள் நின்ற இடத்திலேயே ஆடுகின்றன, சூடு கூடினால் ஆட்டம் கூடும். ஆட்டம் கூடினால் பொருள் ஏன் பெரிதாக வேண்டும்? முன்னும் பின்னும் சமமாக ஆடினால் சராசரி இடம் மாறாதே? சமமாக ஆடுவதில்லை என்பதுதான் விடை. சுவரோரம் கட்டிய ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்ல ஆடும்போது வித்தியாசம் தெரியாது. வேகமாக ஆட்டினால் ஒரு பக்கம் சுவர் தடுக்கும், மறுபக்கம் முற்றம் வரை போய்வரும். ஊஞ்சலின் சராசரி இடம் முற்றத்துப் பக்கம் நகர்ந்துவிடும். அணுவுக்குப் பக்கத்து அணுதான் சுவர். நெருங்கினால் கடுமையாகத் தள்ளும், விலகினால் அவ்வளவு கடுமையாக இழுக்காது. அதனால் சூட்டில் ஒவ்வொரு அணுவும் பக்கத்து அணுவை விட்டுக் கொஞ்சம் தள்ளியே வாழ்கிறது. ஆறினால் மறுபடி நெருங்கி வந்துவிடுகிறது.

கணக்கு எளிது. வெண்கலம் டிகிரிக்கு ஏறத்தாழ பத்து லட்சத்தில் 18 பங்கு சுருங்கும். ஏறத்தாழ 900 டிகிரி இறக்கத்துக்கு 1.6 சதவீதம். மெழுகும் தன் பங்குக்குச் சுருங்கினால் 2 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. எட்டு அசல் பிரதிகளும் ஒரே அச்சுக்குப் பிறந்தவை, களிமண் மூலத்தை விட ஒரு தலைமுறை சிறியவை, தங்களுக்குள் சமமானவை. பிரதியிலிருந்து எடுத்த பிரதி இரண்டு தலைமுறை சிறியது. அதற்கும் நகல் எடுத்தால் மூன்று. தலைமுறைக்கு ஒரு சுற்று இளைத்துக்கொண்டே போகும்.

வாசகர் கெட்டிக்காரர். இதே ஆமையின் 5/8 வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்து, மூன்று இடங்களை அளந்து அனுப்பச் சொல்லியிருந்தார். அங்கே ஓட்டின் நீளம் 281 மில்லிமீட்டர், இங்கே 276.4. முன் துடுப்பு அங்கே 142, இங்கே 139.7. தலை அகலம் அங்கே 61, இங்கே 60. தலையை மட்டும் அளந்திருந்தால் கை நடுக்கம் என்று விட்டிருப்பேன். மூன்று இடத்திலும் 1.6 சதவீதத்தை ஒட்டியே குறைகிறது. அளப்பவன் தவறு இப்படி வீதம் பார்த்து விழாது. அடியில் எண்ணைப் பார்த்தேன். உளியால் குத்திய எண்ணுக்கு உதடு கூர்மையாக எழும்பியிருக்கும், இதில் மழுங்கிக் கிடந்தது. 3/8 என்று யாரும் குத்தவில்லை, அதுவும் வார்த்ததே.

முப்பரிமாண ஸ்கேனர் வந்த பிறகு இந்த நாலரை மில்லிமீட்டரையும் கணினியில் கூட்டி ஏமாற்றலாம். அப்போது உலோகக் கலவையைத்தான் பார்க்க வேண்டும். எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியைக் கையில் பிடித்துக் காட்டினால் செம்பு, வெள்ளீயம், துத்தநாகம் எவ்வளவு என்று சில நொடிகளில் சொல்லிவிடும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் எழும்பூர் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து நம் செப்புத் திருமேனிகளுக்கு இப்படிக் கைரேகை எடுத்திருக்கிறார்கள். மாவட்டத்துக்கு ஒரு கருவி வாங்க ஆகும் செலவு, காணாமல் போன ஒரு சாமியை வெளிநாட்டிலிருந்து வழக்காடி மீட்கும் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்பது என் கட்சி.

அப்படியானால் பச்சைப் பொடி? பக்கத்து வீட்டுக்காரரின் தீர்ப்பு சரி, காரணம் தப்பு. அந்தப் பொடிக்கு அசல் போலி பேதமெல்லாம் கிடையாது. செம்பில் களிம்பு என்பது சைவ சித்தாந்தக்காரர்கள் காலங்காலமாகக் காட்டும் உவமை. சாதாரணக் களிம்பு தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். உப்பில் இருக்கும் குளோரைடு நுழைந்தால் கதை வேறு. செம்பு குளோரைடு ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து பச்சைப் பொடியாகிறது, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுகிறது. அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்று மறுபடி குளோரைடாகிறது. வட்டி குட்டி போடுகிற கதைதான். வெண்கல நோய் என்று இதற்குப் பெயர். இப்படி நோயுற்ற திருமேனிகளைக் காக்கத்தான் 1930இலேயே எழும்பூரில் ஒரு வேதியியல் ஆய்வகம் தொடங்கினார்கள்.

கீழக்கரையில் உப்புக்காற்று புதிதா என்ன? இத்தனை வருடம் இல்லாமல் இப்போது ஏன்? கேட்டதும் வாசகரின் உம்மா உள்ளிருந்து சொன்னார்: "பெருநாளைக்குக் கறுத்துக் கெடக்கேன்னு நாந்தான் புளியும் உப்பும் போட்டு நல்லாத் தேச்சேன்." புளி காவல் தோலை உரித்துவிட்டது, உப்பு குளோரைடைக் கொண்டுபோய் உள்ளே விட்டுவிட்டது. நான் காலிப்பரைத் துடைப்பது போல் குனிந்துகொண்டேன்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தேன். பொடியை மூங்கில் குச்சியால் சுரண்டி, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை ஊறவைத்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். நோய் அடங்கினால் மெல்லிய மெழுகுப் பூச்சு. விற்கும் எண்ணம் வந்தால் நகல் என்று சொல்லியே விற்க வேண்டும். பிரான்சில் 1981ஆம் ஆண்டு ஆணைப்படி, அதற்குப் பிறகு இப்படி எடுத்த வார்ப்பில் நகல் என்ற சொல்லே அழியாதபடி பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். வாப்பா ஒன்றும் பேசவில்லை. நான் கிளம்பும்போது மட்டும், "அந்த 5/8 காரர் எவ்வளவுக்கு வாங்குனாராம்?" என்று மகனிடம் கேட்டது காதில் விழுந்தது.

நோய் அடங்கியதா என்று பார்க்க டப்பாவுக்குள் ஆமைக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்து வைக்கச் சொல்லியிருந்தேன். இரண்டு வாரம் கழித்துப் படம் அனுப்பினார். தாள் சுத்தமாக இருந்தது, இடது துடுப்புக்கு நேர் கீழே கடுகளவு பச்சையைத் தவிர.