குலுக்கிப் போடும் ஊசி

"தோள்பட்டை வலிக்கு ஊசி போட்டார்கள். இரண்டாம் நாளே கையைத் தூக்கித் தலை சீவ முடிந்தது. மூன்று மாதம் கழித்து அதே வலி திரும்பிவிட்டது. அப்படியானால் அந்த ஊசி வலியை மறைத்தது, அவ்வளவுதானா? இன்னொன்று போட்டுக்கொள்ளலாமா?" என்று ஓர் ஆசிரியை எழுதிக் கேட்டிருக்கிறார்.

இன்னொன்று போடலாமா என்பதை அவருடைய தோளைத் தொட்டுப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். சொல்லவும் ஆசை.

ஊசிக் குழலுக்குள் என்ன இருந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். மூட்டுவலிக்கு 'ஊசி' என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: ஸ்டீராய்டு, ஜெல், அல்லது நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் பிஆர்பி. ஆசிரியைக்குப் போட்டது அநேகமாக ஸ்டீராய்டு.

அந்தக் குப்பியைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். மேலே தெளிவான நீர், அடியில் வெள்ளை மாவு போல ஒரு படிவு. டாக்டர் அதைக் குலுக்குவார், பால் போல ஆகும், பிறகுதான் ஊசியில் இழுப்பார். மருந்து என்றால் நன்றாகக் கரைய வேண்டும் என்றுதானே நினைப்போம்? இங்கே வேண்டுமென்றே கரையாதபடி செய்திருக்கிறார்கள். டிரையாம்சினலோன், மெதில்பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மூலக்கூறுகளோடு இன்னொரு வேதித் துண்டை ஒட்டினால், அவை தண்ணீரோடு சேராமல் நுண்ணிய படிகங்களாகவே நிற்கும். மூட்டின் உள்சவ்வில் போய் ஒட்டிக்கொண்டு, வாரக்கணக்கில் சிறுகச் சிறுகக் கரையும். தினமும் மாத்திரையாகச் சாப்பிட்டு உடம்பு முழுக்கப் பரப்ப வேண்டியதை, ஒரே இடத்தில் கொஞ்சமாக வைத்துவிட்டு வருகிறார்கள். சிலருக்கு ஊசி போட்ட ஓரிரு நாள் வலி கூடுவதும் அந்தப் படிகங்கள் மூட்டை உறுத்துவதால்தான்.

கரைந்த ஒரு மூலக்கூறு இனி என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி.

ஸ்டீராய்டு கொழுப்போடு கலக்கும் தன்மை கொண்டது. செல்லைச் சுற்றியுள்ள சவ்வும் பெரும்பாலும் கொழுப்பாலானது. அதனால் கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்துவிடும். உள்ளே அதற்காகவே ஒரு புரதம் காத்திருக்கிறது, ஏற்பி என்று பெயர். ஏற்பியைச் சில துணைப் புரதங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. ஸ்டீராய்டு வந்து பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது, துணைகளின் பிடி விலகுகிறது, ஸ்டீராய்டும் ஏற்பியும் ஒன்றாகச் செல்லின் கருவுக்குள் போகின்றன. போய் நேரே டிஎன்ஏ மீது உட்காருகின்றன! அழற்சியை, அதாவது திசு சிவந்து வீங்கி வலிக்கும் எதிர்வினையை, அடக்கும் புரதங்களுக்கான மரபணுக்கள் விழிக்கின்றன. இன்னொரு பக்கம், அழற்சியைக் கிளப்பும் என்எஃப்-கப்பாபி என்ற புரதத்தின் வாயை ஏற்பி அடைக்கிறது. வீக்கத்தையும் வலியையும் தூண்டும் பொருள்களின் உற்பத்திக்கு ஆணை இடுவது அதுதான். ஆணை நின்றால் உற்பத்தி படுத்துவிடும்.

புதுப் புரதம் உருவாகவும், ஏற்கெனவே உள்ள வலிப் பொருள்கள் தீரவும் நேரம் பிடிக்கும். "ரெண்டு மூணு நாள் பொறுங்க" என்று டாக்டர் சொல்வதன் பொருள் இதுதான். ஊசி போட்ட அரை மணியில் கிடைக்கும் சுகம், கூடவே கலந்து போடும் மரத்துப்போகும் மருந்தால் வருவது. சில மணி நேரத்தில் அது போய்விடும்.

இந்த மூலக்கூறு உடம்புக்குப் புதிதும் அல்ல. சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் உறவுதான். இதை மருந்தாக்கிய கதை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் தொடங்குகிறது. முடக்குவாத நோயாளிகளுக்கு மஞ்சள் காமாலை வந்தாலோ, அவர்கள் கர்ப்பமானாலோ மூட்டுவலி விட்டுப்போவதை அங்கிருந்த டாக்டர் ஃபிலிப் ஹெஞ்ச் கவனித்தார். உடம்பே ஏதோ ஒன்றைச் சுரக்கிறது என்ற சந்தேகத்தை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். 1948 செப்டம்பரில், நடக்க முடியாமல் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு, கார்டிசாலின் நெருங்கிய உறவான கார்டிசோனை ஊசியாகப் போட்டார்கள். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹெஞ்சுக்கும், அட்ரினல் ஹார்மோன்களை ஆராய்ந்த வேதியியலாளர்கள் கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் சேர்த்து நோபல். உடம்பு முழுக்கப் போகும் ஸ்டீராய்டின் பக்கவிளைவுகள் சீக்கிரமே தெரிய வந்தன. மூட்டுக்குள்ளேயே போடும் முறையை ஹாலண்டர் என்ற அமெரிக்க டாக்டர் 1951இல் வெளியிட்டார்.

ஆக, ஆசிரியைக்கு என் பதில்: ஊசி வலியை மறைக்கவில்லை. அழற்சியை மரபணு மட்டத்திலேயே உண்மையாக அடக்கியது. ஆனால் அழற்சியைக் கிளப்பிய காரணத்தை அது தொடுவதில்லை. படிகம் தீர்ந்ததும் பழைய ஆணைகள் மறுபடி பிறக்கின்றன.

அப்படியானால் வலிக்கிற இடத்திலெல்லாம் போடலாமே என்றால், கூடாது. தசையை எலும்போடு கட்டும் தசைநாண் வேறு உலகம். முழங்கையில் வரும் டென்னிஸ் எல்போவையும் குதிகால் மேலே வரும் நாள்பட்ட வலியையும் முன்பு அழற்சி என்றே நினைத்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் அழற்சி செல்கள் சொற்பம். முறுக்கிய கயிறு போல நேராக ஓட வேண்டிய கொலாஜன் என்ற புரத இழைகள்தான் பிரிந்து சிக்குப்பட்டுக் கிடக்கின்றன. அங்கே தேவை புது இழை. ஸ்டீராய்டோ கொலாஜன் உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறது. 2013இல் வெளியான ஆய்வில் 165 டென்னிஸ் எல்போ நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஸ்டீராய்டு, மற்றவர்களுக்கு மருந்தில்லா ஊசி. ஓராண்டு கழித்து முழுதாகவோ பெருமளவிலோ குணமானவர்கள் ஸ்டீராய்டு பக்கம் 83 சதவீதம், மறுபக்கம் 96. வலி திரும்பியவர்கள் 54 சதவீதம், மறுபக்கம் 12. மருந்து போடாதவர்கள் நன்றாக இருந்திருக்கிறார்கள்.

"ஊசி போட்டால் எலும்பு உருகிவிடும்" என்ற பயத்தை நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறேன். ஓர் ஊசியில் எதுவும் உருகாது. ஆனால் மூட்டுத் தேய்மானத்துக்கு மாதக் கணக்கு வைத்துப் போட்டுக்கொண்டே இருப்பதும் தவறு. 140 பேருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை என இரண்டு ஆண்டுகள் முழங்காலில் போட்டுப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், மருந்துக்குப் பதில் உப்புநீர் போட்டவர்களைவிட ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது. வலியில் வித்தியாசமே இல்லை.

ஜெல் ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாவின் வீங்கிய முழங்காலிலிருந்து நீர் எடுத்தபோது பக்கத்தில் நின்றேன். டாக்டர் ஒரு சொட்டைக் கையுறை விரல்களுக்கு நடுவே வைத்து மெல்ல விரித்தார். உடனே அறுந்தது. நல்ல மூட்டு நீர் முட்டையின் வெள்ளைக்கரு போல இழையாக நீளும் என்றார். நீண்ட சங்கிலியான ஹயலூரானிக் அமிலம் தரும் இழை அது. அழற்சியில் சங்கிலி துண்டு துண்டாகிறது. போனதை ஊசியால் நிரப்புவோம் என்பதுதான் ஜெல்லின் யோசனை. அழகான யோசனை. ஆனால் சோதனைகளைத் திரட்டிப் பார்த்த 2022ஆம் ஆண்டு ஆய்வின்படி, போலி ஊசியைவிடக் கிடைக்கும் கூடுதல் நிவாரணம் நோயாளி உணரும் அளவுக்கு இல்லை.

பிஆர்பியில் ரத்தத்தைச் சுழற்றித் தட்டணுக்களைச் செறிவாக்கி, அவற்றிலுள்ள வளர்ச்சிக் காரணிகளை வலிக்கும் இடத்தில் விடுகிறார்கள். 2021இல் முழங்கால் தேய்மானத்துக்கு 288 பேரிடமும், குதிகால் தசைநாணுக்கு 240 பேரிடமும் செய்த சோதனைகள் இரண்டிலும் அது போலி ஊசியை வெல்லவில்லை. தயாரிக்கும் முறை இடத்துக்கு இடம் மாறுவதால் இதோடு வழக்கு முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வரிசை எனக்குக் கோபம் மூட்டுகிறது. முதலில் விற்பனை, பல ஆண்டு கழித்துச் சோதனை. விற்பவர்களுக்குச் சோதிக்கும் அவசரம் இருக்காது. பொதுப்பணம்தான் இந்தச் சோதனைகளுக்கு முன்கூட்டியே வர வேண்டும்.

உப்புநீர் போட்டாலும் பலருக்கு வலி குறைகிறது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஊசிக்குப் போகிறோம், அது தானாகவும் இறங்கும். நம்பிக்கையால் மூளை வலியைக் குறைப்பதும் உண்மையான உடலியல்தான், யாரும் நடிப்பதில்லை.

ஆசிரியைக்குத் தோள் இறுகிப்போகும் நோய் என்றால், தொடக்கத்தில் ஸ்டீராய்டு நன்றாகவே உதவும். வலி அடங்கிய வாரங்களில் பிசியோதெரபி பயிற்சியைச் செய்தாரா என்பதையும் டாக்டரிடம் சொல்லட்டும். சர்க்கரை நோய் இருந்தால், ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும் என்பதால் அதையும் சொல்ல வேண்டும். போன தடவை போட்ட மருந்தின் பெயர், தேதி, போட்டது மூட்டிலா தசைநாண் பக்கத்திலா, இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கையோடு கொண்டுபோகட்டும். இரண்டாவது கேள்விக்கான பதிலை அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் டாக்டர் தொடங்குவார்.