நெரிசலான திரையும் எளிமைதான்

நான் வடிவமைத்ததிலேயே அழகான ஆப் எது என்று கேட்டால், பத்து நாள்கூட யாரும் பயன்படுத்தாத ஒன்றைத்தான் காட்டுவேன். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவுக்காக, பூ வரவை எழுதிவைக்கச் செய்தது. வெள்ளைத் திரை, நாலே நாலு ஐகான், மருந்துக்குக்கூட ஓர் எழுத்து கிடையாது. எளிமை என்றால் இதுதான் என்று எனக்குள் ஒரே பெருமை.

பதினோராவது நாள் போய்ப் பார்த்தால் போன் கல்லாப்பெட்டிக்குள் கிடக்கிறது, அக்கா கையில் பழைய நோட்டு.

"கோவிச்சுக்கிறாத தம்பி. உன் படத்தைப் பாத்து இது என்னா, அது என்னான்னு யோசிக்கிறதுக்குள்ள ரெண்டு பை எடை போட்ருவேன்."

சரி என்று அங்கேயே உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. வரிக்கு வரி விவசாயி பேர், பூவின் பேர், எடை. விலைக்கு இடம் விட்டுக் காலியாக வைத்திருந்தார். பூ வந்து இறங்கும்போது எடைதான் தெரியும், விலை, பூ வரத்து எவ்வளவு என்று பார்த்து அப்புறம்தான் படியும். முகூர்த்த நாளென்றால் கேட்கவே வேண்டாம். என் ஆப்போ விலையைப் போடாமல் ஒரு வரியைக்கூடச் சேமிக்காது. போதாததற்குப் பேருக்கு ஒரு திரை, பூவுக்கு ஒரு திரை, எடைக்கு ஒரு திரை. ஒரு திரையில் ஒரே கேள்வி என்பது எங்கள் தொழிலில் சொல்லித்தரும் நல்ல பாடம்தான். ஆனால் அது ஆற அமர உட்கார்ந்து நிரப்புகிறவர்களுக்குச் சரி. இங்கே ஒரு பக்கம் தராசு, இன்னொரு பக்கம் பை இறக்குகிறவர், நடுவில் "அக்கா, பிச்சி என்ன விலை?" என்று ஒரு குரல். மூன்றாவது திரைக்கு வருவதற்குள் இது யார் பூ என்பதே மறந்துபோகும். நோட்டில் அந்தப் பேர் கண்ணெதிரே நிற்கும்.

மனதில் ஒரே நேரத்தில் ஏந்திக்கொள்ள முடிவது மிகவும் கொஞ்சம். ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1956இல் அதை ஏழு என்றார், இரண்டு கூடலாம் அல்லது குறையலாம். 2001இல் நெல்சன் கோவன் என்ற இன்னோர் உளவியலாளர் அதையும் சுருக்கி நாலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். மில்லர் சொன்ன ஏழு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு மெனுவில் ஏழுக்கு மேல் வைக்கக்கூடாது என்று சட்டம் பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த எண் நினைவில் வைத்துக்கொள்வதைப் பற்றியது, கண்ணால் பார்ப்பதைப் பற்றியது அல்ல. ஹோட்டலில் சப்ளையர் இட்லி, வடை, பொங்கல், பூரி, ஊத்தப்பம், ரவா தோசை என்று ஒரே மூச்சில் ஒப்பித்து முடித்ததும் நாம் என்ன சொல்கிறோம்? "ரெண்டு இட்லி." அதே பட்டியல் சுவரில் எழுதியிருந்தால் இருபது இருந்தாலும் நிதானமாகப் படித்து வேண்டியதைக் கேட்கிறோம். என் அழகான ஆப் அந்த சப்ளையர் மாதிரி. அக்காவின் நோட்டு சுவர்ப் பலகை.

மில்லர் சொன்ன இன்னொன்றை ஏனோ பலரும் விட்டுவிடுகிறார்கள். எதையும் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டினால் அதிகம் ஏந்தலாம். பத்து இலக்க போன் நம்பரை இரண்டிரண்டாகவோ ஐந்தைந்தாகவோ சொல்வது அதனால்தான். ஆதார் அட்டையிலும் 12 இலக்கத்தை நாலு நாலாகப் பிரித்துத்தான் அச்சிடுகிறார்கள். ஆனால் அதே எண்ணைக் கேட்கிற படிவத்தில் இடைவெளி விட்டு அடித்தால் 'தவறான உள்ளீடு' என்று சிவப்பில் வரும். இடைவெளியை நீக்குவது நிரலில் ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியை எழுதச் சோம்பல்பட்டு எழுபது வயதுப் பெரியவரைத் திணறடிக்கிறோம். எது தவறு என்றாவது சொல்லலாம் இல்லையா? 'போன் நம்பரில் 9 இலக்கம்தான் இருக்கிறது, இன்னும் ஒன்று வேண்டும்' என்றால் யாரும் விழிக்க மாட்டார்கள்.

ஆவின் பூத்தில் யாரும் 'சமன்படுத்திய பால்' என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "நீலம் ஒண்ணு, பச்சை ரெண்டு" அவ்வளவுதான். நினைவைத் தோண்டி எடுப்பதைவிடப் பார்த்ததும் அடையாளம் காண்பது எப்போதும் சுலபம். அதற்காக நிறத்தை மட்டும் நம்பிவிடவும் முடியாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்கள், நாம் நினைப்பதைவிட அதிகம். பணம் வந்ததற்குப் பச்சைப் புள்ளி, வராததற்குச் சிவப்புப் புள்ளி என்று மட்டும் வைத்தால் அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். பக்கத்தில் 'வந்தது', 'பாக்கி' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

வெளியூர் விருந்தாளியை மீனாட்சியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கிழக்கே செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய்ச் சுற்றி மேற்கு வாசல் வழியாக வெளியே வந்து திருதிருவென்று விழிப்பார்கள். நாலு பக்கமும் கோபுரம், புதிதாக வருபவர் கண்ணுக்கு நாலும் ஒன்று. எல்லாப் பக்கமும் ஒரே அச்சாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஆப்களில் எனக்கும் இப்படித்தான் ஆகிறது. ஆனால் தெருவுக்கு வந்துவிட்டால் மதுரையைப் போல வழிகாட்டும் ஊர் குறைவு. கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகள் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக. மேல மாசி வீதி என்ற பெயரிலேயே திசையும் இருக்கிறது, கோயிலிலிருந்து எத்தனையாவது சுற்று என்பதும் இருக்கிறது. மெனுவுக்குப் பேர் வைக்க உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்த வீதிகள்தான் ஞாபகம் வரும்.

இரண்டாவது முறை செய்தபோது நோட்டை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தேன். எல்லாம் ஒரே பக்கம், விலை காலியாக இருந்தாலும் வரி சேமிக்கப்படும். வழக்கமாக வரும் விவசாயிகளின் பேர் மேலேயே இருக்கும், தொட்டால் போதும். தொட வேண்டிய இடம் சிறியதாகவும் தள்ளியும் இருந்தால் கை போய்ச் சேர நேரமாகும் என்று பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954லேயே அளந்து காட்டினார். ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் பட்டன் அளவு சுமார் 9 மில்லிமீட்டர். பூ அள்ளிய ஈரக் கைக்கு அது காணாது, அதனால் இன்னும் பெரிதாக்கினேன். பட்டனில் 'சமர்ப்பி' போய் 'எழுது' வந்தது. வரிகளுக்கு நடுவே இடைவெளியையும் கூட்டினேன். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த வரியில் தமிழை ஊற்றினால் 'கீ'யின் சுழி மேலே வெட்டுப்படும், 'கு'வின் வால் கீழே வெட்டுப்படும்.

அழிக்கும் பட்டனை மட்டும் வேண்டுமென்றே சிரமமாக வைத்தேன். எல்லாமே ஒரே தட்டில் முடிய வேண்டும் என்பதை நான் ஏற்பதில்லை, பணம் புழங்கும் இடத்தில் சத்தியமாக இல்லை. யுபிஐயில் பணம் வாங்க 'பின்' என்கிற ரகசிய நம்பர் தேவையே இல்லை. ஆனாலும் 'பணம் வருகிறது, பின் போடுங்கள்' என்ற பேச்சை நம்பிப் பலர் ஏமாந்திருக்கிறார்கள். பின் கேட்கும் இடத்தில் 'உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப் போகிறது' என்று பெரிய எழுத்தில் நிறுத்திச் சொல்லலாம். அந்த ஒரு நொடித் தாமதத்தை நான் குறையாக எண்ண மாட்டேன்.

புதிய திரையைப் பார்த்த நண்பர்கள் ஏன் இவ்வளவு நெரிசல் என்கிறார்கள். அக்காவுக்கு அது நெரிசலாகத் தெரியவில்லை, தினமும் எடை எழுதுவது அதில்தான். ஆனால் பாக்கிக் கணக்கை மட்டும் இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார். கேட்டால் சிரிக்கிறார். இந்த முகூர்த்தக் கூட்டம் ஓய்ந்ததும் மறுபடி போய் உட்கார வேண்டும்.