ஜொஷி: மகளிர் மல்லாடல்

1993 ஏப்ரல் 2 அன்று ஜப்பானின் யோகொஹாமா அரங்கில், முடிவை முன்பே பேசி வைத்துக்கொண்டு பெண்கள் களத்தில் மோதிய ஒரு நிகழ்ச்சிக்குத் தமிழில் விமர்சனம் எழுத உட்கார்ந்தேன். முதல் வாக்கியமே நகரவில்லை. அன்றைக்கு அங்கே நடந்ததற்குத் தமிழில் என்ன பெயர்? 'பெண்கள் மல்யுத்தம்' என்றால் ஒலிம்பிக்கில் சாக்‌ஷி மாலிக் வென்ற விளையாட்டு நினைவுக்கு வரும். 'ரெஸ்லிங்' என்றால் சின்ன வயதில் டிரம்ப் கார்டில் பார்த்த அமெரிக்கத் தடியர்கள் வந்து நிற்பார்கள். ரசிகர்கள் தங்களுக்குள் 'ஜோஷி' என்கிறார்கள். புதிதாகக் கேட்பவருக்கு அது வடநாட்டுக் குடும்பப் பெயர். சோதிடர் என்ற பொருளில் பிறந்த அந்த ஜோஷிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எனவே விமர்சனத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் ஒலி. 'ஜோஷி' என்று நெடிலில் எழுதுவதே பிழை. ஜப்பானிய மொழியிலும் தமிழைப் போலக் குறில், நெடில் வேறுபாடு உண்டு. அளவு மாறினால் பொருள் மாறும். 'ஜோஷி' என்று நீட்டினால் அலுவலகத்தில் நமக்கு மேலே இருக்கும் அதிகாரி. 'ஜொஷி' என்று குறுக்கினால்தான் பெண்கள். ஆங்கில எழுத்தில் இந்த வேறுபாடு தெரியாது. ஆங்கிலம் வழியாகச் சொல்லை வாங்கியதால் நாமும் நீட்டிவிட்டோம். ஒகரக் குறிலுக்குத் தனி எழுத்து வைத்திருக்கும் மொழி நம்முடையது. இதைச் சரியாக எழுத நமக்கு எந்தத் தடையும் இல்லை.

அடுத்தது பொருள். ஜொஷி என்பது இரண்டு எழுத்துகளால் ஆன சொல். முதலாவது 'பெண்'. இரண்டாவது 'குழந்தை' என்று பொருள்படும் எழுத்து. பல சொற்களில் பின்னொட்டாகவும் நிற்கும். ஜப்பானியப் பெண்களின் பெயர்கள் பல 'கோ' என்று முடிவதைக் கவனித்திருப்பீர்கள். பெண்கள் மோதும் செந்தாய் கேர்ள்ஸ் குழுவைத் தொடங்கி நடத்தி, 2025 ஏப்ரல் 29 அன்று களத்திலிருந்து ஓய்வு பெற்ற மெய்கோ சதொமுராவின் பெயரில் கடைசியாக நிற்கும் 'கோ' இதே எழுத்துதான். அங்கே 'கோ' என்று ஒலிப்பது இங்கே 'ஷி' என்று ஒலிக்கிறது.

அன்றாட ஜப்பானிய மொழியில் இதில் எந்த மர்மமும் இல்லை. மகளிர் கழிப்பறையின் கதவிலும் மகளிர் கால்பந்துச் செய்தியிலும் இதே சொல்தான். ஆண்களுக்கு 'தன்ஷி'. இப்படிப்பட்ட மோதல் நிகழ்ச்சிக்கு ஜப்பானில் பெயர் 'புரொரெசு'. ஆனால் ஆண்கள் மோதும் நிகழ்ச்சியை யாரும் 'தன்ஷி புரொரெசு' என்று சொல்வதில்லை. அது வெறும் 'புரொரெசு'. பெண்கள் வந்தால்தான் முன்னால் அடைமொழி வருகிறது. கிரிக்கெட், மகளிர் கிரிக்கெட் என்று நாம் எழுதுவது போலத்தான். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஜப்பானின் மாபெரும் அரங்குகளை நிறைத்த பெண்களுக்கும் இந்த அடைமொழி ஒட்டிக்கொண்டே வந்தது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

1990களில் வீடியோ கேசட்டுகள் கைமாறிக் கைமாறி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனபோது இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் சேர்ந்தது. வேகமும் விடாப்பிடியும் கண்ணீரும் கலந்த அந்த ஆட்டப் பாணிக்கே வெளிநாட்டு ரசிகர்கள் 'ஜொஷி' என்று பெயரிட்டுவிட்டார்கள். ஜப்பானில் வெறும் வகைப்பெயராக இருந்தது வெளியே ஒரு கலையின் பெயராயிற்று. இன்று தமிழ் ரசிகர்கள் சொல்வதும் இந்த இரண்டாவது பொருளில்தான்.

சரி, புரொரெசு? 'புரொஃபெஷனல் ரெஸ்லிங்' என்ற ஆங்கிலத் தொடரை ஜப்பானியர்கள் தங்கள் வாய்க்கேற்ப வெட்டிச் சுருக்கியது. கடைசியில் வரும் உகரம் காதில் விழுந்தும் விழாமலும் ஒலிக்கும். நம் குற்றியலுகரம்தான் அது. 'புரொரெசு' என்று எழுதித் தமிழ் இயல்பில் வாசித்தால் டோக்கியோவில் சொல்வதற்கு வெகு அருகில் வந்துவிடும். ஒலிம்பிக் விளையாட்டுக்கு அவர்களிடம் தனியாக 'ரெசுரிங்கு' இருக்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்புவதில்லை. குழப்பம் நம்மிடம்தான்.

பெயரைத் தேடுமுன் பொருளைப் பார்த்துவிடலாம். அமெரிக்க வீராங்கனை மில்ட்ரெட் பர்க் தன் குழுவோடு 1954 நவம்பரில் ஜப்பானுக்கு வந்து மோதிக் காட்டினார். அங்கே பெண்களின் புரொரெசு பரவ அந்தப் பயணம் பெரிய தூண்டுதல். 1968இல் மட்சுநாகா சகோதரர்கள் தொடங்கிய அனைத்து ஜப்பான் மகளிர் குழு 2005 வரை நடந்தது. 'சென்ஜோ' என்று ரசிகர்கள் சுருக்கி அழைத்த அந்தக் குழுவிலிருந்துதான் ஜாக்கி சாத்தோ, மகி உவெதா இருவரும் 1976இல் 'பியூட்டி பேர்' என்ற இணையாக எழுந்தார்கள். இவர்கள் களத்துக்குள் நின்று பாடினார்கள், ஆடினார்கள், அப்புறம் மோதினார்கள். பாட்டு இசைத்தட்டாக வந்து வீட்டுக்கு வீடு ஒலித்தது. அரங்கை நிறைத்தவர்கள் பள்ளிச் சிறுமிகள். அடுத்த தலைமுறையில் சிகுசா நகயோவும் லயனெஸ் அசுகாவும் 'கிரஷ் கேல்ஸ்' ஆனார்கள். அவர்களும் பாடினார்கள். எதிரே வில்லியாக டம்ப் மட்சுமொதோ, முகத்தில் சாயமும் கையில் சங்கிலியுமாக.

1985 ஆகஸ்ட் 28, ஒசாகா கோட்டை அரங்கம். தோற்றவர் தலையை மழித்துக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். சிகுசா தோற்றார். களத்தின் நடுவே அவரை உட்கார வைத்து முடியை வெட்டினார்கள். சுற்றிலும் ஆயிரக்கணக்கான சிறுமிகள் கதறினார்கள். அந்தப் பதிவை எத்தனை முறை பார்த்தாலும் என் கண் களத்தில் நிற்பதில்லை; அந்தச் சிறுமிகளின் முகத்துக்குப் போய்விடும். முடிவு முன்பே பேசி வைத்தது என்பதால் அந்த அழுகை பொய்யாகிவிடுமா? விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டுத் துரியோதனன் விழும்போது அழுபவரிடம் போய்க் 'கதை உனக்கு முன்பே தெரியாதா' என்று யாரும் கேட்பதில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு வேண்டிய சொல் பிடிபட்டது.

'மல்யுத்தம்' என்பது செய்தித்தாள் சொல். 'மற்போர்' என்பது அதன் தமிழ் வடிவம். மல்லும் போரும் சேர்ந்தது. 'மல்' என்றால் வலிமை. மற்போர் நல்ல சொல்தான், ஆனால் போர் என்றதும் வெற்றி தோல்வி மட்டுமே முன்னால் வந்து நிற்கிறது. ஒலிம்பிக் விளையாட்டுக்கு அது பொருந்தும். புரொரெசுவில் போரோடு பாட்டும் வேடமும் கதையும் கண்ணீரும் இருக்கின்றன. 'தொழில்முறை மல்யுத்தம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது கூலி கிடைக்கிறது என்பதைத் தவிர எதையும் சொல்வதில்லை.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோர் ஆடல்கள் வருகின்றன. அவற்றில் ஒன்று மல். மாயோன் அசுரனை மற்போரில் வென்றதை ஆடிக் காட்டுவது. 'அவுணற் கடந்த மல்லின் ஆடல்' என்கிறார் இளங்கோ. நன்றாகக் கவனியுங்கள்: முடிவு தெரிந்த ஒரு மற்போர், மேடையில், கூட்டத்தின் முன், ஒரு பெண்ணின் உடலால் நிகழ்த்தப்படுகிறது. புகாரின் இந்திர விழாவுக்கு வந்த விஞ்சையர் (வித்தியாதரர்) தலைவன் ஒருவன், பக்கத்தில் இருக்கும் தன் காதலிக்கு ஒவ்வோர் ஆடலாகச் சுட்டி விளக்குகிறான். விமர்சகனின் வேலையும் அதுதானே.

மல்லாடல். 'புரொரெசு' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலாவது இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். பேச்சுத் தமிழிலும் இது உயிரோடு இருக்கிறது. 'இந்தப் பசங்களோட தினமும் மல்லாட வேண்டியிருக்கு' என்று அலுத்துக்கொள்ளாத அம்மா உண்டா? புதிதாகக் காய்ச்சி ஊற்ற வேண்டாம். துடைத்து எடுத்தால் போதும்.

இனி ஜொஷிக்கு வருவோம். பெண்கள், மாதர், மங்கையர், மகளிர் என்று கைவசம் நிறைய உண்டு. நான் 'மகளிர்' என்பேன், பழக்கத்துக்காக மட்டும் இல்லை. 'மக' என்றால் குழந்தை. மகன், மகள், மக்கள் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. மகளிர் என்ற சொல்லுக்குள் ஒரு குழந்தை ஒளிந்திருக்கிறது. ஜொஷியின் இரண்டாவது எழுத்திலும் அப்படியே. இரண்டு மொழிகளிலும் அந்தக் குழந்தை வளர்ந்து, இன்று வெறும் 'பெண்கள் பிரிவு' என்று மட்டுமே காதில் விழுகிறது. இவ்வளவு ஒத்துப்போகும் இணை அகப்படுவது அரிது.

ஆக, ஜொஷி புரொரெசு: மகளிர் மல்லாடல். மோதுபவரைக் குறிக்க 'வீராங்கனை' போதும்; அதை யாரும் தவறாகப் புரிந்துகொள்ளப் போவதில்லை. 'டோக்கியோ ஜொஷி புரொரெசு' போலக் குழுவின் பெயரிலேயே சொல் வந்தால் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும்.

விமர்சனம் எழுதுபவருக்கு இன்னொரு சொல்லும் கட்டாயம் வேண்டும்: 'உகெமி'. ஜூடோவிலிருந்து வந்தது. 'ஏற்கும் உடல்' என்று பொருள். தூக்கி எறியப்படும்போது அடிபடாமல் விழும் கலை. தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், பின்மண்டை தரையில் படக்கூடாது, முதுகு படும் அதே நொடியில் கைகள் விரிந்து தரையை அறைய வேண்டும். அரங்கமெங்கும் கேட்கும் அந்த 'தட்' என்ற ஓசை எறிந்தவரின் சாதனை என்று புதியவர் நினைப்பார். பாதிக்கு மேல் விழுந்தவரின் சாதனை அது. பயிற்சிக்கு வரும் சிறுமிக்கு எறியக் கற்றுக்கொடுக்கும் முன்பே விழக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

ஜப்பானிய இலக்கண நூல்களில் செயப்பாட்டு வினைக்கும் இதே பெயர்தான், உகெமி. 'அடித்தாள்' என்பது 'அடிக்கப்பட்டாள்' ஆவது. நாமும் விமர்சனத்தில் 'அடிபட்டாள்', 'தூக்கி எறியப்பட்டாள்' என்றே எழுதிக்கொண்டு போகிறோம். விழுந்தவள் எதுவுமே செய்யாதது போல ஆகிவிடுகிறது. தமிழில் அவளுக்குச் செய்வினை உண்டு. புறநானூற்றின் 80ஆம் பாட்டில் சாத்தந்தையார் ஒரு மற்போரைக் கண்முன் நிறுத்துகிறார். ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வென்ற மோதல் அது. ஒரு கால் எதிராளியின் மார்பில் அழுந்துகிறது. மற்றொரு கால் 'வருதார் தாங்கி' முதுகுப் பக்கம் போகிறது. மல்லன் கொண்டுவரும் உத்தியை எதிர்கொண்டு தடுப்பதற்குப் புலவர் இட்ட வினை 'தாங்கு'. கால் எங்கே இருந்தது என்று சொல்லும் அளவுக்கு நெருங்கிப் பார்த்த பாட்டு. இரண்டாயிரம் ஆண்டுகளை ஒட்டிய ஒரு மற்போர் விமர்சனம் நம் கையில் இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

உகெமிக்குத் தமிழ் 'தாங்கல்'. 'எறியப்பட்டாள்' என்பதை விட்டு 'எறியைத் தாங்கினாள்' என்று எழுதிப் பாருங்கள். விழுந்தவளும் வாக்கியத்தில் எழுந்து நிற்பாள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீராங்கனையின் பெயரை அறிவிக்கும்போது நாற்புறமிருந்தும் ரசிகர்கள் வண்ணக் காகிதச் சுருள்களை வீசுவார்கள். யார் மேலும் பட்டு வலிக்கக்கூடாது என்று நடுவில் இருக்கும் அட்டைக் குழலை முன்பே உருவி எடுத்துவிடுவார்கள். களம் முழுக்கப் பரவிய காகிதத்தை இளைய வீராங்கனைகள் ஓடி வந்து அள்ளிக்கொண்டு போன பிறகுதான் மணி அடிக்கும். அவர்கள் வீசுவதற்குக் 'காகிதச் சுருள்' என்றே எழுதலாம். களத்தைக் 'களம்' என்றே எழுதலாம். சாத்தந்தையாரின் பாட்டிலும் 'களம்புகு மல்லன்'தான்.

இந்தச் சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுத்தி வைத்த விமர்சனத்துக்குத் திரும்பினேன். முதல் பத்தி இப்படி வந்திருக்கிறது:

'சென்ஜோவின் இருபத்தைந்தாம் ஆண்டையொட்டிப் பல குழுக்கள் கூடி நடத்திய மகளிர் மல்லாடல். அகிரா ஹொகுதோவுக்கு எதிரே ஷினொபு கன்தொரி. கன்தொரி 1984 உலக ஜூடோ போட்டியில் வெண்கலம் வென்றவர். களத்துக்கு அவர் கொண்டுவந்தது மற்போர். ஹொகுதோ சின்ன வயதிலேயே சென்ஜோவுக்கு வந்தவர், 1987இல் கழுத்தெலும்பு முறிந்தும் திரும்பி வந்தவர். அவரிடம் இருந்தது மல்லாடல். கன்தொரியின் பிடி தோளை முறுக்கியபோது ஹொகுதோ தாங்கினார். நெற்றி பிளந்து முகமெல்லாம் ரத்தமான பிறகும் தாங்கினார். அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கி, கடைசியில் வென்றார்.'