ஒரு கணம் மின்னி மங்கிய லேசர்

"பழைய டிவிடி ரைட்டரைப் பிரித்து லேசர் டையோடை எடுத்தேன். இரண்டு பென்சில் செல்லில் இணைத்ததும் சுவரில் சிவப்பு வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது. அடுத்த கணமே மங்கிவிட்டது. இப்போதும் எரிகிறது, ஆனால் சாதாரண எல்.இ.டி. மாதிரிதான். என்ன ஆயிற்று?"

பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். காயலான் கடை டிரைவில் கைவைத்த பலருக்கும் இது நடந்திருக்கும். என் முதல் டையோடும் இப்படித்தான் போனது.

பாடத்தில் படித்ததுதான்: பி-என் சந்தியில், அதாவது இருவகைக் குறைக்கடத்திகள் ஒட்டும் இடத்தில், எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) சேர்ந்தால் ஒளி பிறக்கும். அந்த ஒளி போகிற வழியில் தன்னைப்போலவே இன்னொரு ஃபோட்டான் (ஒளித்துகள்) பிறக்கத் தூண்டினால் அது தூண்டு உமிழ்வு. இருபக்கமும் கண்ணாடி வைத்து ஒளியை முன்னும் பின்னும் ஓடவிட்டால் லேசர். சரி, மில்லிமீட்டர் அளவேயுள்ள சில்லுக்குள் கண்ணாடி எங்கே?

அங்கேதான் எனக்கு இந்தப் பொருள்மீது தீராத காதல். தனியாகக் கண்ணாடி எதுவும் இல்லை. படிகத்தின் ஓரமே கண்ணாடி! விறகை நார் ஓடும் திசையில் பிளந்தால் வழவழவென்று வருமல்லவா? இந்தச் சில்லுக்கு அடிப்படையான காலியம் ஆர்சனைடு படிகமும் அதன் அணு வரிசையை ஒட்டிப் பிளந்தால் அணுக்கள் அளவில் சமதளமாகப் பிளக்கும். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 3.5. காற்றைத் தொடும் அந்த முகத்தில் ஏறத்தாழ 30 சதவீத ஒளி தானாகவே உள்ளே திரும்பும்.

30 சதவீதம் போதுமா? கல்லூரி ஆய்வகத்து ஹீலியம்-நியான் லேசரில் ஒருமுறை குழாயைக் கடந்தால் ஒளி ஓரிரு சதவீதம்தான் பெருகும். அதனால் 99 சதவீதம் திருப்பும் கண்ணாடி வேண்டும். இங்கே ஒவ்வொரு முனையிலும் 70 சதவீதம் வெளியே ஓடிவிடுகிறது. ஈடுகட்ட, சில்லின் அந்தச் சிறு நீளத்தைக் கடப்பதற்குள் ஒளி மூன்று மடங்குக்கு மேல் பெருகியாக வேண்டும். பெருகுகிறது! மின்னோட்டம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும்வரை அது வெறும் எல்.இ.டி.; தாண்டியதும் லேசர். டிவிடிக்கு உரிய 650 நானோமீட்டர் சிவப்பு இப்படித்தான் பிறக்கிறது. உற்பத்தியில் அந்த முகங்கள்மீது மெல்லிய பூச்சுகள் கொடுத்துத் திருப்பும் அளவை மாற்றுவார்கள், அடிப்படை இதுதான்.

இனி மரணத்துக்கு வருவோம். ஒளி வெளிவரும் வாய் சுமார் 1 மைக்ரான் உயரம், 3 மைக்ரான் அகலம். 100 மில்லிவாட் அதன் வழியே வந்தால் அந்த இடத்தில் ஒளியின் செறிவு வெயிலைப்போல சுமார் 3 கோடி மடங்கு. படிகத்தின் விளிம்பில் அணுப் பிணைப்புகள் அறுபட்டிருக்கும்; அவை கொஞ்சம் ஒளியை விழுங்கிச் சூடாகும். சூடான குறைக்கடத்தியின் ஆற்றல் இடைவெளி (ஒளியை விழுங்கும் எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல்) சுருங்கும். சுருங்கினால் இன்னும் ஒளியை விழுங்கும், இன்னும் சூடாகும். மின்னோட்டம் எல்லை மீறினால் இந்தச் சுழற்சி கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பகுதிகூட எடுத்துக்கொள்ளாது; முகம் உருகிவிடும். கண்ணாடி போயிற்று, சந்தி பிழைத்தது. எனவே எல்.இ.டி. மட்டும் மிஞ்சியது. உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்.

குற்றவாளி பென்சில் செல். டையோடில் மின்னழுத்தம் சற்றே கூடினாலும் மின்னோட்டம் பல மடங்கு எகிறும். அதனால் மின்னோட்டத்தைத்தான் கட்டுப்படுத்த வேண்டும். எல்.எம். 317 என்ற மின்னழுத்தச் சீராக்கி ஐ.சி. தன் இரு கால்களுக்கு இடையே 1.25 வோல்ட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தக் கால்களுக்கு நடுவே 10 ஓம் மின்தடை வைத்தால் 125 மில்லிஆம்பியருக்கு மேல் போகாது. ரைட்டர் டையோடுக்கு இது பொருந்தும். படிக்க மட்டுமே செய்யும் டிரைவின் டையோடுக்கு இது அதிகம், பெரிய மின்தடையில் தொடங்குங்கள். மின்தேக்கி சேர்த்திருந்தால், டையோடை இணைக்குமுன் மின்தேக்கியின் இரு கால்களையும் தொடவிட்டு மிச்ச மின்னூட்டத்தை வெளியேற்றுங்கள். டிரைவிலிருந்து எடுக்கும்போதே டையோடின் கால்களைச் சால்டர் பொட்டு வைத்து ஒன்றாக்கிவிடுங்கள். நைலான் சட்டையில் சேரும் நிலைமின்னே கொல்லப் போதும்.

கண் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். ரைட்டர் டையோடு ஒரு கணத்தில் விழித்திரையைச் சுட்டுவிடும். சிடி லேசரின் 780 நானோமீட்டர் ஒளி மங்கலாகத்தான் தெரியும், கண் தானாக மூடாது. அதனால் அது இன்னும் மோசம். வெயில் கண்ணாடி காக்காது. அந்த அலைநீளத்துக்கென்றே செய்த பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

1962-ல் முதல் குறைக்கடத்தி லேசர் திரவ நைட்ரஜன் குளிரில், துடிப்புத் துடிப்பாக மட்டுமே ஒளிர்ந்தது. அறை வெப்பநிலையில் இடைவிடாமல் ஒளிரவைக்க லெனின்கிராட்டில் அல்ஃபெரோவ் குழுவுக்கும் பெல் ஆய்வகத்தில் ஹயாஷி, பனிஷ் ஆகியோருக்கும் 1970 வரை ஆயிற்று. சிடி கடைக்கு வந்தது 1982-ல். "மூன்று வருடத்தில் என்ன பொருள் வரும்?" என்று கேட்டே ஆராய்ச்சிக்குப் பணம் தரும் வழக்கம் நம்மிடம் ஒழிய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செத்த டையோடைத் தூக்கி எறியாதீர்கள். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு அதன் மூடியை மெல்ல அரத்தால் அறுத்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள்: உலோக மேடையில் சர்க்கரைத் துணுக்கைவிடச் சிறிய சில்லு, அதைத் தொடும் முடியினும் மெல்லிய தங்கக் கம்பி. அதற்குமுன் ஒரு சோதனை. தோட்ட விளக்கில் இருக்கும் சிறு சூரியத் தகட்டை டையோடுக்கு நேர் எதிரே வைத்து மல்டிமீட்டரில் தகடு தரும் மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். டையோடுக்குத் தரும் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் கூட்டி வரைபடம் போடுங்கள். செத்ததில் கோடு சீராக ஏறும். அடுத்த டிரைவிலிருந்து உயிரோடு எடுப்பதில், ஓரிடத்தில் கோடு சடாரென்று மேலே திரும்பும்.