அம்மாவின் ஜாடை தாளில் வருவது எப்படி?

அம்மாவை முதன்முதலாக நீர்வண்ணத்தில் வரைந்தபோது மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். கண் சரியாக இருந்தது, மூக்கு சரியாக இருந்தது, உதட்டோர மச்சம்கூடத் தவறவில்லை. அக்கா வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாருடா இது?" என்றாள்.

சில மாதம் கழித்து வேறொரு தாளில் முகம் முழுக்க ஒரு வெளிர் வண்ணத்தைப் பூசினேன். கண்குழி, மூக்கின் அடி, தாடைக்குக் கீழே என்று நிழல்களை மட்டும் வைத்துவிட்டு, காயட்டும் என்று எழுந்தேன். கண்ணை இன்னும் வரையவே இல்லை. அறையின் அந்தக் கோடியிலிருந்தே அக்கா சொன்னாள்: "அம்மா!"

உறுப்புகள் எல்லாம் இருந்த படத்தில் அம்மா இல்லை, கண்ணே இல்லாத படத்தில் இருந்தார். இது ஏன் என்று தேடத் தொடங்கியதில் நான் வரையும் விதமே மாறிப்போனது.

நம் மூளை முகத்தை உறுப்பு உறுப்பாகப் படிப்பதில்லை. கண்ணுக்கும் புருவத்துக்கும் உள்ள தூரம், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் உள்ள இடைவெளி, எது இருட்டு எது வெளிச்சம் என்ற அமைப்பு, இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வீச்சில் படிக்கிறது. அதற்கென்றே மூளையின் அடிப்பக்கத்தில் ஒரு பகுதி மற்றப் பொருள்களைவிட முகங்களுக்கு அதிகமாகத் துடிப்பதை மூளை ஆய்வாளர் நான்சி கான்விஷரும் அவருடைய குழுவினரும் 1997இல் விவரித்தார்கள். இந்த ஏற்பாடு நேரான முகத்துக்குத்தான் நன்றாக வேலை செய்யும். தலைகீழாகக் காட்டினால் வீடு, விமானம் போன்ற படங்களைவிட முகத்தை அடையாளம் காண்பதுதான் மிக அதிகமாகத் தடுமாறுகிறது என்று 1969இலேயே உளவியல் ஆய்வாளர் ராபர்ட் யின் காட்டினார். 1980இல் இன்னொரு உளவியல் ஆய்வாளர் பீட்டர் தாம்சன் இதை மறக்க முடியாத ஒரு படமாக ஆக்கினார். அப்போது பிரிட்டனின் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரின் புகைப்படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் திருப்பி ஒட்டினார். மொத்தப் படத்தையும் தலைகீழாகப் பிடித்தால் பெரிய குறை எதுவும் கண்ணில் படாது. நேராகத் திருப்பினால் பார்க்கவே பயமாக இருக்கும்.

அப்படியானால் ஜாடையை எது சுமக்கிறது? 1973இல் லியோன் ஹார்மன் என்ற ஆய்வாளர், ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சாம்பல் நிறக் கட்டங்களாகக் குறைத்துக் காட்டினார். அருகில் பார்த்தால் வெறும் கட்டங்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் லிங்கன். விவரம் எல்லாம் போன பிறகும் இருட்டு வெளிச்சத்தின் பெரிய அமைப்பு மிஞ்சினால் ஆள் மிஞ்சுகிறார். இன்னொன்றும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், பிரபலங்களின் படங்களிலிருந்து கண்களை நீக்கியதைவிடப் புருவங்களை நீக்கியபோதுதான் அவர்களை அடையாளம் காண்பது கூடுதல் சிரமமாக இருந்தது. புருவத்தை அவசரமாக ஒரு கோடாக இழுத்துவிட்டு இமைமயிரில் ஒரு மணி நேரம் செலவழித்த நாள்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

நிறத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. கன்னத்துக்குப் பச்சை பூசினாலும் வெளிச்சமும் நிழலும் சரியாக இருந்தால் ஆள் தெரிந்துவிடும். நிறம் அப்படியே இருந்து வெளிச்சமும் நிழலும் இடம் மாறினால், பழைய ஃபிலிம் நெகட்டிவில் சொந்தத் தம்பியைத் தேடுவது போல ஆகிவிடும்.

பென்சில் கோட்டில் நடக்கும் தவறுகளும் இங்கிருந்தே வருகின்றன. உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் நடுவில், ஏறக்குறைய பாதி உயரத்தில்தான் பெரியவர்களின் கண்கள் இருக்கின்றன. ஆனால் நம் கவனம் எல்லாம் கண்ணிலும் வாயிலும் இருப்பதால் நெற்றியையும் மண்டையையும் சுருக்கி, கண்ணை மேலே ஏற்றிவிடுகிறோம். குழந்தைகளுக்குக் கண் அந்தப் பாதிக் கோட்டுக்கும் கீழே இருக்கும். அதைக் கவனிக்காமல் வரைந்தால் மூன்று வயதுப் பிள்ளை முப்பது வயது ஆளாகிவிடும். தெரிந்த முகமாக இருந்தால் இந்தச் சிக்கல் இன்னும் கூடும், ஏனென்றால் அவர்களை நாம் பார்ப்பதைவிட நினைப்பதுதான் அதிகம். புகைப்படத்தைத் தலைகீழாக வைத்து வரையும் பழைய பழக்கம் இதற்கு உதவுகிறது. முகம் என்று மூளை உடனே படித்துவிட முடியாததால் கை வெறும் வடிவங்களைப் பின்தொடர்கிறது.

புகைப்படம் என்றதும் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கையை நீட்டி எடுத்த செல்ஃபியிலிருந்து வரையாதீர்கள். கேமரா மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். காது அதற்கு 12 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால், கேமராவிலிருந்து அது 42 சென்டிமீட்டர் தூரம். காதோடு ஒப்பிட மூக்கு 1.4 மடங்கு பெரிதாகப் பதிவாகும். அதே ஆளை ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அந்த விகிதம் 1.08 ஆகக் குறைகிறது. நாம் பழகிப் பேசுகிற தூரத்தில் தெரிகிற முகம்தான் நமக்குத் தெரிந்த முகம். கொஞ்சம் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள்.

இனி வண்ணத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தோல் என்பது சுவரில் அடித்த பெயின்ட் போல மேற்பரப்பில் மட்டும் நிறம் கொண்ட பொருள் அன்று. விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதம் மட்டுமே மேலிருந்தபடி திரும்புகிறது. மிச்சம் உள்ளே நுழைகிறது. மேலடுக்கில் இருக்கும் மெலனின் என்ற கருநிறமி அதில் ஒரு பங்கை விழுங்குகிறது. அதற்குக் கீழே ரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சையையும் நீலத்தையும் விழுங்கிச் சிவப்பை விட்டுவிடுகிறது. தப்பிய ஒளி உள்ளுக்குள் பலமுறை சிதறி, நுழைந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி வெளியே வருகிறது. சூரியனுக்கு முதுகு காட்டி நிற்பவரின் காதுமடல் செக்கச் சிவந்து தெரிவது இதனால்தான். கன்னம், மூக்கு நுனி, காது ஆகிய இடங்கள் நெற்றியைவிடச் சிவந்திருப்பதும் அங்கே மேலாக ஓடும் ரத்த நாளங்களின் வேலை.

நீர்வண்ணமும் கிட்டத்தட்ட இதையே செய்கிறது. நிறமித் துகள்களை அகேசியா மரப் பிசினான கம் அரபிக் பிணைக்கிறது. தண்ணீர் போன பிறகு தாளில் தங்குவது மிக மெல்லிய படலம். ஒளி அதைக் கடந்து தாளைத் தொட்டு, வெள்ளை நார்களில் சிதறி, மறுபடியும் வண்ணத்தின் வழியாகவே நம் கண்ணுக்குத் திரும்புகிறது. வெளிச்சம் அடியிலிருந்து வருகிறது. அதனால்தான் நல்ல நீர்வண்ண முகம் உயிருள்ள தோல் போலத் தோன்றுகிறது என்பது என் நம்பிக்கை. மஞ்சள் ஓக்கர் என்ற மண் மஞ்சளை மெலிதாகப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் ரோஜா நிறத்தை ஓட்டினால், இரண்டையும் பாலெட்டில் குழைத்துப் பூசியதற்கு இல்லாத ஓர் ஆழம் கிடைக்கிறது. வெள்ளை வண்ணத்தைக் கலந்து தோல் நிறம் செய்தால் துகள்கள் ஒளியை மேலேயே திருப்பிவிடும். முகம் முகமூடி ஆகிவிடும்.

கருமையான தோலை வரைகிறவர்கள் அந்த 4 சதவீதத்தை மறக்கக்கூடாது. மெலனின் எவ்வளவு இருந்தாலும் மேற்பரப்பு திருப்பி அனுப்பும் பங்கு பெரிதாக மாறாது. உள்ளிருந்து வரும் ஒளி மட்டும் குறைகிறது. ஆகவே கருமையான முகத்தில் பளபளப்பு துலக்கமாகத் தெரியும், வெளிச்சத்தின் நிறமும் அதில் அப்படியே இருக்கும். திறந்த வெளியில் நிற்பவரின் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் வானத்து நீலம் படிந்திருப்பதைப் பார்க்கலாம். பழுப்போடு கறுப்பைச் சேர்த்து நிழலாக்குவதைவிட, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்போடு அல்ட்ராமெரின் நீலத்தைச் சேர்த்து ஆழமாக்கி, நெற்றியில் ஒரு வெளிர் நீலத் துண்டை விட்டுவையுங்கள். பர்ன்ட் சியன்னா இரும்பு ஆக்சைடு. நம் ரத்தத்தின் சிவப்பிலும் இரும்பு இருக்கிறது. நண்பனின் கன்னத்துக்கு அதைத் தொடும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும்.

சரி, தண்ணீர் என்ன செய்கிறது? பூசிய வண்ணம் தாளின் மேல் ஒரு மெல்லிய குளம் போல நிற்கிறது. அந்தக் குளத்தின் விளிம்பு தாளைக் கவ்விக்கொண்டு நகராமல் இருக்கிறது, ஆனால் தண்ணீர் ஆவியாவதும் விளிம்பில்தான் வேகமாக நடக்கிறது. இழந்ததை ஈடுகட்ட உள்ளிருந்து நீர் ஓரத்தை நோக்கி ஓடும்போது நிறமியையும் இழுத்துச் செல்கிறது. கொட்டிய காப்பி வளையமாகக் காய்வதற்கு 1997இல் சிகாகோ ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் இதுதான். மூக்கின் நிழலுக்குக் கூர்மையான ஓரம் வேண்டும் என்றால் உலர்ந்த தாளில் பூசி இந்த வளையத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கன்னம் மெல்ல வளைந்து திரும்பும் இடத்தில் அது ஆகாது. அங்கே தாளை முதலில் நனைத்துக்கொண்டால் நீருக்கு நிலையான விளிம்பே இல்லாமல் போய், நிறம் தானாகப் பரவிக் கரைகிறது.

தவறு நடப்பது பெரும்பாலும் பாதி காய்ந்த நேரத்தில். தாளின் மினுமினுப்பு மறைகிறது என்றால் தண்ணீர் மேற்பரப்பை விட்டு நார்களுக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். அப்போது ஈரமான பிரஷ்ஷை வைத்தால், புது நீர் காய்ந்துகொண்டிருக்கும் பக்கம் பாய்ந்து, அங்கே தங்கத் தொடங்கிய நிறமியைத் தள்ளிக்கொண்டு போய், காலிஃபிளவர் போல ஒரு கறையை விட்டுவிடும். தாத்தாவின் நெற்றியில் எனக்கு அப்படி ஒன்று விழுந்தது. துடைக்கத் துடைக்கப் பெரிதானது. அப்புறம்தான் தெரிந்தது, அந்த நேரத்தில் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

காய்ந்ததும் எல்லாம் வெளுத்துப்போகிறதே என்று புதிதாக வரைகிறவர்கள் வருந்துவார்கள். ஈர மணல் கருத்துத் தெரிவதும் இதே காரணத்தால்தான். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்லும் அளவு ஒளிவிலகல் எண். தாள் நாருடையது சுமார் 1.5, தண்ணீருடையது 1.33, காற்றுடையது 1. நார்களுக்கிடையே தண்ணீர் நிறைந்திருக்கும்போது வித்தியாசம் குறைவு. ஒளி அதிகம் சிதறாமல் ஆழம் வரை போய் உறிஞ்சப்படுகிறது. காய்ந்து அந்த இடத்தைக் காற்று பிடித்ததும் ஒளி சீக்கிரமே சிதறித் திரும்பிவிடுகிறது. ஆகவே ஈரத்தில் பார்க்கும்போது "கொஞ்சம் கூடிவிட்டதோ" என்று தோன்றும் அளவுதான் சரியான அளவு.

கடைசியாக, பிரியமானவர்களின் முகம் என்பதால் ஒரு கவலை. அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு கன்னத்துக்கு அருமையாகப் பொருந்தும், மெலிதாகப் பூசும்போது வெளிச்சத்தில் மங்கியும் போகும். இரும்பு ஆக்சைடு பழுப்புகளும் மஞ்சள் ஓக்கரும் அசையாமல் நிற்க, சிவப்பு மட்டும் கழன்றுபோனால் சிரித்த முகம் சோர்ந்த முகமாகிவிடும். அலிசரினுக்குப் பதிலாக குவினாக்ரிடோன் என்ற செயற்கை நிறமியால் ஆன சிவப்புகள் நன்றாகத் தாங்குகின்றன. கையில் இருக்கும் டியூப்பில் சந்தேகம் இருந்தால் ஒரு துண்டுத் தாளில் பட்டையாகப் பூசி, பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் சில மாதம் ஒட்டிவையுங்கள். அட்டையை எடுக்கும் நாளில் இரு பாதிகளுக்கும் இடையே ஒரு கோடு தெரிந்தால் அந்த டியூப்பை அம்மாவின் கன்னத்துக்கு எடுக்காதீர்கள்.