பலகையா, துண்டுச்சீட்டா? ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களின் கொடுக்கல் வாங்கல்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்கு ரசீது போடும் நிரலை, இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தோத்தாபுரியின் அன்றைய விலை ஒரு கோப்பிலும், எடையை விலையால் பெருக்கி ரசீது ஆக்கும் வேலை மற்றொரு கோப்பிலும் இருக்கின்றன. இப்படித் தமக்குள் கொடுத்து வாங்கும் கோப்புகளே மாட்யூல்கள். முதற்கோப்பு 'எக்ஸ்போர்ட்' என்னும் சொல்லை இட்டு 'விலை' என்ற மாறியை, அதாவது மதிப்பைத் தாங்கும் பெயரை, வெளியே தருகிறது. ரசீதுக் கோப்பு 'இம்போர்ட்' என எழுதி, மாறியின் பெயரையும் அது இருக்கும் கோப்பையும் குறிப்பிட்டுப் பெற்றுக்கொள்கிறது. (மாறிக்குத் தமிழிலேயே பெயரிட ஜாவாஸ்கிரிப்ட் இடம் தருகிறது.)

1995இல் பிறந்த இம்மொழிக்கு இந்த வசதி 2015இல் வெளிவந்த இஎஸ்6 என்ற மொழித் தரநிலையில்தான் கிடைத்தது. அதற்கு முன் உலாவியில் எல்லாக் கோப்புகளின் பொது மாறிகளும் ஒரே வெளியில் கலந்து கிடந்தன. ஒரே பெயர் இரண்டு கோப்புகளில் இருந்தால், பின்னால் வந்தது முன்னதன் மதிப்பை அழித்துவிடும். உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்ட 2009இல் வந்த நோட் ஜேஎஸ், பிற கோப்புகளிலிருந்து பெற 'ரெக்வயர்' என்ற தனி வழியைக் கையாண்டது.

இம்போர்ட் செய்தால் மதிப்பின் நகல் கிடைக்கிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள், அது தவறு. மண்டிப் பலகையில் காலையில் எழுதியிருந்த 18 ரூபாயைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு போனவருக்கு, பத்து மணிக்கு அது 21 ஆனது தெரியாது. ரெக்வயர் வழியாகப் பெற்ற எண்ணைத் தனி மாறியில் எடுத்து வைப்பது அப்படிப்பட்ட சீட்டுதான். இம்போர்ட்டோ பலகையையே நேராகப் பார்க்கிறது: விலைக் கோப்பு மதிப்பை மாற்றினால், ரசீதுக் கோப்பு அடுத்த முறை படிக்கும்போது புதிய மதிப்பையே காணும். ஆனால் சாக்பீஸ் விலைக் கோப்பின் கையில் மட்டுமே உண்டு. ரசீதுக் கோப்பு அந்த மாறிக்குப் புது மதிப்பு எழுத முயன்றால் பிழை எழும்.

இது இயல்வதற்குக் காரணம், நிரலை ஓட்டும் மென்பொருளான ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் கோப்புகளை ஓட்டுவதற்கு முன்பே அவற்றைப் படித்து, எது எதனிடம் எதைக் கேட்கிறது என்று கண்டு, இரு பக்கத்துப் பெயர்களையும் நினைவகத்தின் ஒரே இடத்தில் பிணைத்துவிடுவதுதான். அதனால் கேட்ட பெயரில் எழுத்துப்பிழை இருந்தால், ஒரு வரிகூட ஓடும் முன்னரே அகப்பட்டுவிடும். எத்தனை கோப்புகள் கேட்டாலும் விலைக் கோப்பு ஒருமுறைதான் ஓடும்.

ஒரே ஒரு கண்ணி உண்டு. கோப்பின் இயல்பான வெளியீடு இதுதான் என்று காட்ட 'எக்ஸ்போர்ட் டீஃபால்ட் விலை' என்று எழுதினால், அந்த வரி ஓடிய நொடியில் இருந்த மதிப்பு மட்டுமே வெளியே போகும். பலகை மறுபடியும் துண்டுச்சீட்டாகிவிடும். மாறக்கூடிய மதிப்புகளைப் பெயர் சொல்லி எக்ஸ்போர்ட் செய்வதையே நான் விரும்புவது இதனால்தான்.